55. யானை எஃப்2: ஒரே நகர்த்தலில் போன ஆட்டமா?

கேள்வி, 13.12.2024 காலை

நேத்து சிங்கப்பூர்ல நடந்த உலக செஸ் சாம்பியன்ஷிப் 14-வது ஆட்டத்தைப் பத்தி யாராவது விளக்கிச் சொல்லுங்க. குகேஷ் ஜெயிச்சது சந்தோஷம்தான். ஆனா 54 நகர்த்தல் வரைக்கும் செஸ் எஞ்சின் (கணினி) சமநிலைன்னு பூஜ்யத்தைக் காட்டிக்கிட்டே இருந்தது. டிங் லிரென் யானையை எஃப்2-ல வெச்சதும் ஆட்டம் முடிஞ்சுது. கிளப்ல ஆடுற பசங்களே இதைப் பார்த்திருப்பாங்கன்னு பலரும் எழுதுறாங்க. அப்ப இது அதிர்ஷ்டத்துல வந்த வெற்றிதானே?

13.12.2024, முற்பகல்

முதலில் பலகையில் அடுக்கிப் பாருங்கள். கறுப்பு 54...ராஜா இ5 ஆடிய பிறகான நிலை இது. (எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் கறுப்பின் நகர்த்தல்; × வெட்டு, + செக், ! நல்ல நகர்த்தல்.)

வெள்ளை (டிங்): ராஜா ஜி1, யானை எஃப்4, பிஷப் ஏ8, சிப்பாய் ஜி3.
கறுப்பு (குகேஷ்): ராஜா இ5, யானை பி2, பிஷப் இ6, சிப்பாய்கள் எஃப்5, ஜி4.

கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல். இரண்டு பிஷப்புகளும் வெள்ளைக் கட்டத்தில் ஓடுபவை. எஃப்4 யானையைக் கறுப்பு ராஜா தொட்டு நிற்கிறது, ஆனால் ஜி3 சிப்பாயின் காவல் இருப்பதால் வெட்ட முடியாது. டிங் 55.யானை எஃப்2 ஆடினார். தொடர்ந்து 55...யானை×எஃப்2 56.ராஜா×எஃப்2 பிஷப் டி5! 57.பிஷப்×டி5 ராஜா×டி5 58.ராஜா இ3 ராஜா இ5. வெள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டது.

56...பிஷப் டி5-தான் ஆணி. ஏ8 மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான் உண்டு. அதன் குறுக்கே இன்னொரு பிஷப் வந்து நின்றால் பி7, சி6 என எங்கே போனாலும் வெட்டு விழும். அப்படியே நின்றாலும் வெட்டுதான். டி5-க்கு இ5 ராஜாவின் காவல் இருப்பதால் வெட்டிக்கொள்வதைத் தவிர வெள்ளைக்கு வேறு வழி கிடையாது. வெட்டியதும் பலகையில் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சும். இரண்டுக்கு ஒன்று. அது தோற்கும் நிலை.

13.12.2024, மாலை

58...ராஜா இ5-க்குப் பிறகு எப்படி ஜெயிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பகுதியை எஞ்சினிடம் விடாமல் கையால் ஆடிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் வெற்றியைக் கோட்டைவிட இங்கே இடம் இருக்கிறது.

ராஜாக்கள் இ3, இ5-இல் நேருக்கு நேர் நிற்கின்றன. ஆட வேண்டியது வெள்ளை, அதாவது ஆப்போசிஷன் (எதிரி ராஜாவை விலக வைக்கும் சாதகம்) கறுப்பிடம். எஃப்4-க்குள் நுழைய முடியாததால் வெள்ளை ராஜா எந்தப் பக்கமாவது விலகியே ஆக வேண்டும்.

அது டி3 போனால் 59...எஃப்4 60.ஜி×எஃப்4+ ராஜா×எஃப்4 61.ராஜா இ2 ராஜா ஜி3 62.ராஜா எஃப்1 ராஜா ஹெச்2. ஜி4 சிப்பாய் நடந்தே ராணியாகும். கறுப்பு ராஜா தன் சிப்பாய்க்கு முன்னால் ஜி3-க்குப் போய்விட்டது. அங்கே போய்ச் சேர்ந்தால் வெற்றி உறுதி.

பின்வாங்கி 59.ராஜா இ2 என்றால் 59...ராஜா இ4. வெள்ளை மறுபடியும் வழிவிட வேண்டும். 60.ராஜா எஃப்2 ராஜா டி3 61.ராஜா எஃப்1 ராஜா இ3 62.ராஜா ஜி2 ராஜா இ2 63.ராஜா ஜி1 ராஜா எஃப்3 64.ராஜா ஹெச்2 ராஜா எஃப்2, அடுத்து ஜி3 விழும்.

59.ராஜா எஃப்2-க்கு உடனே இ4 போக வேண்டாம். 59...ராஜா டி4! என்று பக்கவாட்டில் வந்து, 60.ராஜா இ2 ஆடிய பிறகு 60...ராஜா இ4. அதே நிலை, ஆடும் முறை வெள்ளைக்கு.

59...ராஜா இ4 ஆடினால் 60.ராஜா இ2, ஆப்போசிஷன் வெள்ளைக்குப் போய்விடும். அங்கே பொறுமை இழந்து 60...எஃப்4 தள்ளினால் வெற்றி கைநழுவும்: 61.ஜி×எஃப்4 ராஜா×எஃப்4 62.ராஜா எஃப்2! ஜி3+ 63.ராஜா ஜி2 ராஜா ஜி4 64.ராஜா ஜி1! டிரா. டி3-க்கு எதிராக ஜெயித்த அதே எஃப்4 தள்ளல்தான் இங்கே டிரா தருகிறது. வெள்ளை ராஜா டி3-இல் இருந்தபோது எஃப்2-க்கு வர அதற்கு நேரமில்லை. இ2-இல் இருக்கும்போது நேரமிருக்கிறது.

13.12.2024, இரவு

மேலே உள்ளதில் சேர்க்க ஒன்று. 59.ராஜா டி3 எஃப்4-க்கு வெள்ளை வெட்டாமல் 60.ராஜா இ2 என்று திரும்பினால்? 60...எஃப்3+. இப்போது எஃப்3-இல், ஜி4-இன் காவலோடு, தடுக்க ஆளில்லாத சிப்பாய். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு தள்ள முடியாது. வெள்ளை ராஜா எஃப்1-இல் இருக்கும்போது எஃப்2 தள்ளி, ராஜாவை எஃப்3-க்குக் கொண்டுவந்தால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே ஆட நகர்த்தல் இல்லாத டிரா: ஜி3 சிப்பாய் அடைபட்டிருக்கிறது, ராஜாவுக்கும் கட்டம் இல்லை. சரியான வழி, கறுப்பு ராஜா டி2 பக்கம் சுற்றிப் போய், தக்க நேரத்தில் எஃப் சிப்பாயைக் கொடுத்துவிட்டு ஜி3-ஐப் பிடிப்பது.

14.12.2024

"யானை பரிமாற்றமே தப்புன்னு சொல்றீங்களா? ஒரு சிப்பாய் குறைஞ்சவங்க காய்களைக் குறைக்கணும்னு சொல்லித்தருவாங்களே" என்று ஒரு எதிர்க்கேள்வி வந்திருக்கிறது. நல்ல கேள்வி. அந்தப் பாடம் அரைகுறையாகச் சொல்லப்படும்போது இப்படித்தான் ஆகும்.

சிப்பாய் குறைந்தவர் குறைக்க வேண்டியது சிப்பாய்களை, காய்களை அல்ல. டிங் அதைச் சரியாகவே செய்திருக்கிறார். 45.எஃப்3 எஃப்5 46.எஃப்×ஜி4 ஹெச்×ஜி4 என்று ஒரு ஜோடியை வெட்டி, மூன்றுக்கு இரண்டாக இருந்ததை இரண்டுக்கு ஒன்றாக்கினார். சிப்பாய் குறையக் குறைய, கடைசிச் சிப்பாய்க்காகத் தன் பிஷப்பையே கொடுத்து டிரா வாங்கும் வழி பக்கத்தில் வருகிறது. ராஜாவும் ஒற்றை பிஷப்பும் மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் மேட் செய்ய முடியாது.

இப்போது யானைகள் மட்டும் போய் பிஷப்புகள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு என்றாவது எஃப்4 தள்ளியாக வேண்டும். வெள்ளை வெட்டும், கறுப்பு ராஜா திருப்பி வெட்டும், மிஞ்சுவது ஜி4 ஒன்று. அதற்கு பிஷப்பைக் கொடுத்தால் ஆட்டம் முடிந்தது. தவிர, கறுப்புச் சிப்பாய்கள் இரண்டும் வெள்ளைக் கட்டத்தில். எஃப்4 கறுப்புக் கட்டம். வெள்ளை ராஜா அங்கே ஏறி உட்கார்ந்துவிட்டால் கறுப்பு பிஷப்பால் அதைத் தொடக்கூட முடியாது.

பிஷப்புகள் மட்டும் போய் யானைகள் நின்றாலும் வெள்ளைக்குத் தற்காப்பு உண்டு. இரண்டும் சேர்ந்து போனால்தான் சங்கு. ஆகவே யானையை நீட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதற்குப் பிறகு பிஷப்பையும் பிடுங்க முடியுமா? மூலையில் நின்ற பிஷப்பைப் பிடுங்க முடிந்தது.

14.12.2024, சிறு குறிப்பு

"ரெண்டு பேரும் முன்னாடியே டிரா பேசியிருக்கலாமே" என்பதற்கு: இந்தப் போட்டியின் விதிப்படி கறுப்பின் 40-வது நகர்த்தலுக்கு முன் டிரா பேசக் கூடாது. அதற்குப் பிறகு பேசலாம். ஆனால் கூடுதல் சிப்பாயும், எந்த அபாயமும் இல்லாத நிலையும் கையில் இருக்கும்போது குகேஷ் ஏன் பேச வேண்டும்? 50 நகர்த்தல் விதியும் (50 நகர்த்தலுக்கு வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லையென்றால் டிரா கேட்கலாம்) தூரத்தில் இருந்தது. கடைசிச் சிப்பாய் வெட்டு 46-இல்தான் விழுந்தது, அதற்குப் பின் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கியது.

15.12.2024

கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஒரே நகர்த்தலில் போன ஆட்டம் என்பதை நான் ஏற்கவில்லை. தவறு 55-இல் விழுந்தது, பள்ளம் 52-இலிருந்து தோண்டப்பட்டது.

51...பிஷப் இ6 52.யானை ஏ4 யானை பி2. இந்த யானை பி2 சும்மா உலாத்தல் இல்லை, பி7-இல் இருந்த வெள்ளை பிஷப்பைத் தாக்குகிறது. பிஷப் நகர்ந்தாக வேண்டும். டிங் 53.பிஷப் ஏ8 தேர்ந்தெடுத்தார். ஏ4 யானை ஏ ஃபைல் (ஏ நெடுவரிசை) வழியாக அதைக் காத்தது, நீண்ட மூலைவிட்டமும் கையை விட்டுப் போகவில்லை. பார்வைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

53.பிஷப் சி6 ஆடியிருந்தால்? அதே நீண்ட மூலைவிட்டம், கூடவே ஏ4-இலிருந்து இ8 வரை போகும் இரண்டாவது பாதை. பின்னால் டி5-இல் எதிரி பிஷப் வந்தாலும் இ8, டி7, பி5 என்று இறங்கிவிடலாம். பழைய பி7-இலேயே இருந்திருந்தாலும் சி8 போய் எஃப்5-ஐ முறைத்திருக்கலாம். ஏ8-இல் மட்டும்தான் ஓட இடமில்லை.

53...ராஜா எஃப்6 54.யானை எஃப்4. யானை ஏ ஃபைலை விட்டது, மூலை பிஷப்பின் காவல் போனது. 54...ராஜா இ5. இந்த நகர்த்தலுக்கு இரண்டு வேலை: யானையை நெருங்குவது, டி5-க்குக் காவல் போடுவது. ராஜா எஃப்6-இலேயே நின்றிருந்தால் பிஷப் டி5 என்ற யோசனையே கிடையாது, வெள்ளை சும்மா வெட்டிக்கொள்ளும்.

மூன்று நகர்த்தல்களும் தனித்தனியே தோல்வி அல்ல. 54 முடியும் வரை நிலை டிராதான், எஞ்சின் காட்டிய பூஜ்யம் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு நகர்த்தலிலும் வெள்ளையின் பாதுகாப்பான வழிகள் குறைந்துகொண்டே வந்தன. அந்தக் குறைவைப் பூஜ்யம் காட்டாது.

15.12.2024, பிற்பகல்

எவ்வளவு குறைந்தது என்பதை எண்ணியே பார்க்கலாம். 55-இல் எஃப்4 யானைக்கு விதிப்படி பத்து நகர்த்தல். இ4 போனால் எஃப் சிப்பாய் வெட்டும். டி4 ராஜாவுக்கு இரை, சி4 பிஷப்புக்கு, பி4 யானைக்கு. ஜி4-ஐ வெட்டினாலும் எஃப்5-ஐ வெட்டினாலும் யானை போகும். எஃப்3-இல் ஜி சிப்பாய் காத்திருக்கிறது. மிச்சம் ஏ4, எஃப்1, எஃப்2 மூன்றே.

55.யானை ஏ4 ஆடினால் பழைய காவல் திரும்புகிறது, யானைகளும் பலகையில் நிற்கின்றன. டிரா. 55.யானை எஃப்1-க்கு எதிராகவும் அந்தத் தந்திரம் பலிக்காது: 55...பிஷப் டி5 56.பிஷப்×டி5 ராஜா×டி5 57.யானை×எஃப்5+, சிப்பாய் போயே போச்சு.

பி2 யானை இரண்டாவது வரிசை முழுவதையும் பிடித்து வெள்ளை ராஜாவை முதல் வரிசையில் அடைத்து வைத்திருந்தது. அதை வெட்டி அனுப்பிவிட்டால் மூச்சு விடலாம் என்று தோன்றுவது இயல்பு. எஃப்2 அந்த ஆசைக்குக் கிடைத்த விடை. விரல் தவறி வைத்த நகர்த்தல் அல்ல அது.

குகேஷே ஆட்டத்துக்குப் பின் சொன்னதைக் கவனியுங்கள். எஃப்2-ஐப் பார்த்ததும் அவருக்கும் உடனே தோன்றவில்லை, யானை பி3 ஆட இருந்தாராம். பிறகுதான் பிஷப் மாட்டியிருப்பதையும் சிப்பாய் எண்ட்கேம் (கடைசிக்கட்ட ஆட்டம்) வெற்றி என்பதையும் பார்த்திருக்கிறார். 2783 ரேட்டிங் புள்ளிக்காரருக்கே சில விநாடி தேவைப்பட்டதை, எஞ்சின் பட்டை சரிந்த பிறகு பார்த்தவர்கள் "பசங்களே பார்த்திருப்பாங்க" என்பது நியாயமில்லை.

16.12.2024

அந்தச் சிப்பாய் முதலில் எப்படிப் போனது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. 27.யானை×ஏ3-க்குப் பிறகு சிப்பாய்கள் சமம், மூன்றுக்கு மூன்று. ஆனால் வெள்ளையின் பி3 தனியாக நின்றது. 28...ராணி பி5 வந்ததும் ராணி, பி8 யானை, இ6 பிஷப் மூன்றும் அதைக் குறிவைத்தன. டிங் அதைக் காப்பாற்றிக்கொண்டு வதைபடுவதைவிடக் கொடுத்துவிடலாம் என்று 29.பி4 ஆடினார். 29...ராணி×பி4 30.ராணி×பி4 யானை×பி4 31.யானை ஏ8 யானை×ஏ8 32.பிஷப்×ஏ8. ஒரே மூச்சில் ராணிகளும் ஒரு ஜோடி யானைகளும் போய், ஒரே பக்கத்தில் மூன்றுக்கு இரண்டு. ஏட்டின்படி இது டிரா, முடிவில் பிழை கிடையாது. ஆனால் டிரா என்று தெரிந்த நிலையை நகர்த்தல் நகர்த்தலாகக் காப்பாற்றும் உழைப்பு முழுவதும் வெள்ளையின் தலையில் விழுந்தது. கறுப்புக்குத் தோற்கும் வாய்ப்பே இல்லை.

என் கருத்தில் விவாதிக்க வேண்டிய முடிவு 55 அல்ல, 29. கடைசி ஆட்டம், கையில் வெள்ளை, ஸ்கோர் 6½–6½. டிரா ஆனால் மறுநாள் ரேபிட் டைபிரேக், அதாவது குறைந்த நேர ஆட்டங்களில் முடிவு. 2023-இல் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சியை டிங் வென்றதே ரேபிட் டைபிரேக்கில்தான். அங்கே போய்ச் சேர்ந்தால் போதும் என்ற எண்ணம் புரிகிறது. குகேஷுக்கோ அதே காரணத்தால் இந்த எண்ட்கேமைக் கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டியிருந்தது.

16.12.2024, இரவு

கடிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். முதல் 40 நகர்த்தலுக்கு 120 நிமிடம், அதுவரை கூடுதல் விநாடி கிடையாது. பிறகு 30 நிமிடமும், 41-இலிருந்து நகர்த்தலுக்கு 30 விநாடியும். 55-இல் அதிக நேரம் வைத்திருந்தவர் குகேஷ். இருக்கும் வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் சிப்பாய் எண்ட்கேமைக் கணக்கிட்டு முடிப்பது, மூன்று வாரத்தில் 14-வது நீண்ட ஆட்டத்தின் கடைசியில் லேசான வேலை அல்ல.

18.12.2024

"உலகப் பட்டம் இப்படி ஒரு பிளண்டரில் (பெரும் பிழையில்) தீர்ந்ததே இல்லை" என்று ஒருவர் எழுதியதற்கு: உண்டு. 1892 ஹவானா, ஸ்டைனிட்ஸுக்கு எதிராக சிகோரின், 23-வது ஆட்டம். சிகோரின் ஒரு காய் கூடுதலாக வைத்து வெற்றி நிலையில் இருந்தார். டி6-இல் நின்று ஹெச்2-ஐக் காத்துக்கொண்டிருந்த பிஷப்பை 32.பிஷப் பி4 என்று நகர்த்தினார். 32...யானை×ஹெச்2+, அடுத்த நகர்த்தலில் மேட். அந்த ஆட்டத்தோடு போட்டியும் முடிந்தது.

1951-இல் பிரான்ஸ்டைன், போட்வின்னிக்குக்கு எதிராக 6-வது ஆட்டத்தில் டிரா ஆக வேண்டிய எண்ட்கேமில் 57.ராஜா சி2 ஆடி உடனே தோற்றார். போட்டி 12–12 என்று முடிந்து போட்வின்னிக் பட்டத்தைத் தக்கவைத்தார். அந்த அரைப் புள்ளியின் எடையைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. 2014 சோச்சி, 6-வது ஆட்டம். கார்ல்சன் 26.ராஜா டி2 என்று பெரிய ஓட்டை விட்டார். ஆனந்த் 26...குதிரை×இ5-ஐப் பார்க்காமல் 26...ஏ4 ஆடினார். ஆட்டம் கார்ல்சனுக்குப் போனது. சென்ற வாரம் குகேஷ் ஆடப்போன யானை பி3-க்கும் அந்த ஏ4-க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று யோசியுங்கள். பிளண்டர் விழுவது பாதி, விழுந்ததைப் பிடிப்பது மறுபாதி. குகேஷ் கையை நீட்டும் முன் நின்று பார்த்தார். அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

21.12.2024

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்ட பயிற்சியாளருக்கு.

55-வது நிலையை அடுக்கி "நல்ல நகர்த்தலைக் கண்டுபிடி" என்று கேட்க வேண்டாம், பிள்ளைகள் எஃப்2 தவறு என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பார்கள். பின்னாலிருந்து தொடங்குங்கள். முதலில் 58...ராஜா இ5 நிலை. ஒருவர் கறுப்பில் ஜெயிக்க வேண்டும், மற்றவர் காக்க வேண்டும், பிறகு நிறம் மாற்றி. 59.ராஜா எஃப்2-க்கு ராஜா டி4 தானாகக் கையில் வரும்வரை விடாதீர்கள். அடுத்து 56-வது நிலை, பிஷப்பை ஒரு முறை ஏ8-இல், ஒரு முறை சி6-இல், ஒரு முறை பி7-இல் வைத்து, டி5-க்கு என்ன பதில் என்று கேளுங்கள். அதன் பிறகுதான் 52...யானை பி2 நிலையைக் காட்டி பிஷப்பை எங்கே வைப்பாய் என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று. கடைசிக் கட்டத்தில் பிள்ளைகள் ஏ4 யானையின் காவலைக் காரணம் காட்டி ஏ8-தான் பத்திரம் என்பார்கள். வாதாடாமல் யானையை ஏ4-இலிருந்து எஃப்4-க்கு நகர்த்திவிட்டு அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.